தலைக்கட்டும் தலைக்கணக்கும்

அறந்தாங்கி வட்டார ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வரி போட ஒரு நோட்டு எடுப்பார்கள். பெரும்பாலும் கல்யாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு. ஆள் சிங்கப்பூரில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் பெயர் நோட்டில் இருக்கும், வரியும் வந்து சேரும். சென்சஸ் கணக்கு வேறு. கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளியே இருப்பவரை அந்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணோ சென்சஸில் உண்டு. நோட்டில் அவருக்கு இடம் இருக்குமா என்பது ஊரைப் பொறுத்தது.

இரண்டு கணக்கும் இடிப்பதில் வியப்பில்லை. ஒரு சின்ன ஊருக்கென்று அச்சிட்ட எண்ணே இல்லாமல் போவதுதான் வினை. சென்சஸ் புத்தகம் கிராமம் என்று குறிப்பது வருவாய்க் கிராமத்தை, அதாவது கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கையில் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடும் வரைபடமும் உள்ள எல்லையை. ஊராட்சி எல்லை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி தனியாக அமைகிறது. மக்கள் ‘எங்க ஊர்’ என்பது இவற்றுக்குள் எங்கோ அடங்கிய குக்கிராமத்தை. மாநிலத்தில் சுமார் பன்னிரண்டரை ஆயிரம் ஊராட்சிகள். குக்கிராமங்கள் சுமார் 79 ஆயிரம். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. பெரிய ஊரின் கதை நேர் எதிர். இந்த வட்டாரத்து அரசர்குளம் பேச்சில் ஒரே ஊர்தான். ஏட்டில் அது கீழ்பாதி, தென்பாதி, வடபாதி என்று பிரிந்து கிடக்கிறது.

எல்லைக் குழப்பம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை அறந்தாங்கி தஞ்சாவூரோடு இருந்தது. பக்கத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தான ஊர்களோ 1948இல் திருச்சியோடு சேர்ந்தன.

வார்டும் இடஒதுக்கீடும் நிதியும் தலைக்கணக்கை வைத்துத்தான். அரசியல் சட்டம் கேட்பது கடைசியாக வெளியான சென்சஸ் எண்ணை. இன்றுவரை அது 2011. பதினைந்தாவது நிதிக்குழுவும் அதையே எடுத்துக்கொண்டது. அன்று பிறந்த குழந்தை இன்று பத்தாம் வகுப்பை ஒட்டி நிற்கிறது. ஊராட்சிக்கு வரும் பணத்தில் தாய்க் கிராமத்துக்கு எவ்வளவு, ஒதுக்குப்புறக் குக்கிராமத்துக்கு எவ்வளவு என்று கேட்க, கேட்பவர் கையில் எண் வேண்டாமா? இல்லாததால், தெருவிளக்கும் தண்ணீர்க் குழாயும் வார்டு உறுப்பினரின் சாமர்த்தியத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டன. 2019 டிசம்பரில் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின.

ஆள்தொகை பெருகிவிட்டால் மட்டும் நிம்மதியா? 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் முக்கால் பங்கினர் விவசாயம் அல்லாத வேலையில். இப்படி ஆனால் சென்சஸ் ஓர் ஊரை நகரம் என்று எழுதிக்கொள்ளும். ஆனாலும் நிர்வாகம் ஊராட்சியாகவே தொடரலாம். 2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியான கையோடு பக்கத்து ஊராட்சிகள் பதறின. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்ற பயம். அதை அறியாமை என்று தள்ளுவது நியாயமில்லை. அந்தஸ்து மாறினால் எது கைவிட்டுப் போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அடுத்த சென்சஸின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. வீடு வீடாகப் போகிறவரின் கைவரைபடத்தில் குக்கிராமம் பெயரோடு இருக்கும். புத்தகமாக வரும்போது கிராம மொத்தத்தில் கரைந்துவிடும். குக்கிராமவாரியாகக் கூட்டி வெளியிட இப்போதே சொல்லிவைத்தால் பெரிய செலவில்லை. மாவட்டத்தின் எல்லா ஊராட்சி அலுவலகங்களிலும் அதை எழுதி ஒட்டத் தலா ஒரு சார்ட் பேப்பர் போதும்.