ரங்கராஜன் சாரும் என் அரியரும்

போன வாரம் ரிசல்ட் வந்துச்சு. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் புட்டுக்கிச்சு. ஆரணியில எங்க வீட்டுத் தறிச் சத்தம் அன்னிக்குக் கொஞ்ச நேரம் நின்னுச்சு. தறியில உட்கார்ந்தபடியே அப்பா கேட்டார்: "பத்திரிகைக்கு எழுதறேன்னு சுத்தறியே, நீ எஞ்சினியர் ஆகப்போறியா, எழுத்தாளர் ஆகப்போறியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுடா."

அப்பாவுக்குப் பதில் சொல்ல ஒரு ஆளைப் பிடிச்சிருக்கேன். பேரு எஸ்.ரங்கராஜன். மனைவி பேர்ல எழுதினதால நமக்கெல்லாம் சுஜாதா!

1935-ல பிறந்த மனுஷன். ஸ்ரீரங்கத்துல வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப்ஸ்ல பிசிக்ஸ், குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல எலெக்ட்ரானிக்ஸ் படிச்சார். விமானப் போக்குவரத்துத் துறையில வேலை. அப்புறம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். நாம ஓட்டுப் போடுற மெஷினை உருவாக்கினதுல அவருக்கு முக்கியமான பங்கு உண்டு.

இதுக்கு நடுவுலதான் கணேஷ்-வசந்த்தும், 'என் இனிய இயந்திரா'வுல வர்ற ரோபோ நாய் ஜீனோவும் பிறந்தாங்க. சயின்ஸ் கேள்விகளுக்கு 'ஏன்? எதற்கு? எப்படி?', புறநானூறுக்கு எளிய அறிமுகம், 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்'னு சினிமா வசனம்... லிஸ்ட் நீளும். 2008-ல அவர் இறந்த பிறகு, 2010-ல வந்த 'எந்திரன்'லயும் அவர் வசனம் இருந்துச்சு.

எல்லாமே ஸ்மூத்தா போகலை. 1857 கலகத்தைப் பின்னணியா வெச்சு 'கருப்பு சிவப்பு வெளுப்பு'னு ஒரு தொடர்கதை ஆரம்பிச்சார். எதிர்ப்பு கிளம்பி, பாதியில நின்னுபோச்சு. மனுஷன் விடலையே! பின்னாடி அதையே 'ரத்தம் ஒரே நிறம்'னு எழுதி முடிச்சார்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, எழுதணும்னு அவர் வேலையை விடலை. வேலையில கத்துக்கிட்டது கதைக்குள்ள வந்துச்சு. கதை எழுதின கை சயின்ஸையும் பக்கத்து வீட்டுக்காரர் பேசுற மாதிரி சொல்லுச்சு. ரெண்டும் வேற வேற ஆள் இல்லை.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். "அவரு பாஸ் பண்ணிட்டு எழுதினாரு"ன்னார். பதிலே வரலை!

சரி, சுஜாதா ஸ்டைல்லயே ட்ரை பண்ணுவோம்னு தறிக்கு மேல இருந்த ஜக்கார்டு அட்டையைக் காட்டினேன். "அட்டையில ஓட்டை இருந்தா என்னப்பா ஆகும்?" "இழை மேல ஏறும்." "இல்லைன்னா?" "ஏறாது." "அவ்ளோதான். ஒண்ணு, பூஜ்யம். கம்ப்யூட்டர் பேசுறதும் இதே பாஷைதான். நான் ஃபெயில் ஆன பேப்பரும் இதுதான்."

அப்பா அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நாடாவைக் கையில எடுத்துக்கிட்டுச் சொன்னார்: "இவ்ளோ தெளிவா சொல்றியே... இதைப் பரீட்சையில எழுதியிருக்கலாமில்ல?"

நவம்பர்ல எழுதறேன்ப்பா! அடுத்த வாரம் காலமும் உண்டு ஃப்ரெண்ட்ஸ். பை!