பத்து வருட அனுபவத்துக்கு மதிப்பு இல்லையா?

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம். எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள்! கூட்டத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுகிறார்கள். அங்கே முதலில் அவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பது யார்? பெரும்பாலும் நர்சுதான்.

அவசர வார்டில் பத்து வருடம் வேலை பார்த்த நர்சுக்கு, நோயாளியின் முகத்தைப் பார்த்தாலே ஆபத்து புரியும். அவர் அந்த வேலைக்கென்றே உள்ள சிறப்பு டிப்ளமா வாங்க ஆசைப்படுகிறார். அவருடைய பத்து வருடம் கணக்கில் சேருமா?

விதி என்ன?

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிப்படி, சிறப்பு டிப்ளமா ஒரு வருடப் படிப்பு. தீவிர சிகிச்சை, புற்றுநோய், மனநோய் என்று பல பிரிவுகள் உண்டு. பதிவு பெற்ற நர்சாக ஒரு வருடமாவது வேலை பார்த்தவர்தான் சேரலாம்.

அதாவது, அனுபவம் வாசல் கதவைத் திறந்துவிடும். அதோடு சரி! ஒரு வருடம் வேலை பார்த்தவரும், பத்து வருடம் பார்த்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும்.

துணை நர்சுகளின் நிலையும் இதுதான். 2 வருடம் படித்துப் பதிவு பெற்றவர்கள் அவர்கள். முழு நர்சாக விரும்பினால், 3 வருட டிப்ளமாவை முதலில் இருந்து தொடங்க வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்றும் பெண், சம்பளத்தை விட்டுவிட்டு எப்படிப் படிப்பாள்?

அமெரிக்காவில் வேறு வழி இருக்கிறது. தீவிர சிகிச்சை நர்சு, 2 வருடத்தில் 1,750 மணி நேரம் அந்த நோயாளிகளைக் கவனித்திருந்தால் பரீட்சை எழுதலாம். தேறினால் சர்ட்டிபிகேட்! ஆனால், பதிவு பெற்ற முழு நர்சாகப் பார்த்த வேலைக்குத்தான் மதிப்பு. துணை நர்சாகப் பார்த்த வேலை சேராது.

அரை வைத்தியன்

"ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்" என்பார்கள். ஆயிரம் வேரைக் கண்ட பிறகும் அரை வைத்தியன்தான்! மீதிப் பாதி படிப்பு. தவறான பழக்கத்தையே பத்து வருடம் செய்தவரும் உண்டு அல்லவா? மருந்தின் அளவு கொஞ்சம் தவறினாலும் உயிர் போய்விடும். ஆகவே, வருடத்தை எண்ணி மட்டும் சர்ட்டிபிகேட் கொடுக்கக் கூடாது.

அதற்காகப் பத்து வருடத்தைப் பூஜ்யம் ஆக்குவதும் நியாயம் அல்ல. செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதட்டும். மேல் அதிகாரி கையெழுத்துப் போடட்டும். கைவேலையிலும் பாடத்திலும் கண்டிப்பான பரீட்சை நடக்கட்டும். தேறியவருக்கு, ஏற்கனவே தெரிந்த வார்டு பயிற்சியைக் குறைக்கலாம். தெரியாத பாடத்தை மட்டும் படிக்கச் சொல்லலாம்.

நர்சிங் துறைக்குப் புதிய தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகளைத் திருத்த இதுவே நல்ல சமயம்.

பெற்றோர் கவனிக்க!

மகளை நர்சு ஆக்க விரும்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. "ஆறு மாதத்தில் நர்சு ஆகலாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்யக்கூடிய படிப்புதானா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பதிவு இல்லாமல் எத்தனை வருடம் உழைத்தாலும் நர்சு என்ற தகுதி கிடைக்காது.

பதிவு பெற்று, உழைத்து, பரீட்சையிலும் தேறியவருக்கு அந்த உழைப்பின் பலன் கிடைக்க வேண்டும். அது சலுகை அல்ல, கூலி!