பார்த்த ஊருக்கே மறுபடியும், அதுவும் தனியா: வைகை அணை சொல்லித் தர்ற பயணக் கணக்கு



"வைகை அணைக்கா? அங்கதான் போன வருஷமே போயாச்சே!" ஒரு நாள் லீவு போட்டு ஊர் சுத்தப் போறேன்னு வீட்டுல சொன்னா முதல்ல வர்ற கேள்வி இதுதான். அடுத்தது, "தனியா போய் அங்க என்ன பண்ணப் போற?" ரெண்டும் நியாயமான கேள்விதான். ஆனா என் கருத்து வேற. பயணத்துக்குன்னு நாம ஒதுக்கற பணத்துல அதிகமான மனநிறைவு தர்றது, ஏற்கெனவே பார்த்த ஊருக்குத் தனியா மறுபடி போற பயணம்தான். ஏன்னு பார்ப்போம்.

எந்த ஊருக்கும் முதல் தடவை போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவு இருக்கு. நான் அதை "தெரியாத ஊர் வரி"ன்னு சொல்வேன். பஸ் எப்போன்னு தெரியாது, அதனால வாடகைக் கார். எது முக்கியம்னு தெரியாது, அதனால வைகை அணை, கும்பக்கரை, சுருளி, மேகமலைன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைக்கிறோம். கடைசியில பாதி நாள் வண்டிக்குள்ளயே போயிடும். பார்த்ததை விட போட்டோ எடுத்ததுதான் அதிகமா இருக்கும்.

ரெண்டாவது தடவை அந்த வரி கிடையாது. மதுரையில இருந்து ரயில் ஏறினா ஆண்டிபட்டியில இறங்கலாம், அங்கிருந்து அணை பக்கம்தான். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்னுபோன இந்த ரயில், 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன்ல போடி வரைக்கும் திரும்ப வந்துச்சு. இது தெரிஞ்சவருக்கு கார் வாடகையே மிச்சம்.

சரி, தனியா போனா செலவு கூடுமே? உண்மைதான், மறைக்க வேண்டாம். ரூம் வாடகையைப் பங்கு போட ஆள் இல்லை, ஆட்டோ காசு முழுசும் நம்ம தலையில. அதனாலதான் தனிப் பயணத்துக்குப் பக்கத்து ஊரைச் சொல்றேன். காலையில கிளம்பி ராத்திரி வீடு திரும்பற தூரம்னா ரூமே தேவையில்லை. பஸ் டிக்கெட் எப்பவுமே ஒருத்தர் கணக்குதான்.

"அதே அணையைத் திரும்பத் திரும்பப் பார்க்க என்ன இருக்கு?" இங்கதான் வைகை அணை நல்ல உதாரணம். 1959-ல திறந்த இந்த அணையோட மொத்த நீர்மட்டம் 71 அடி. தினமும் பேப்பர்ல அன்னைக்கு எத்தனை அடின்னு போடுவாங்க. 66 அடி வந்தா ஆற்றங்கரை ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. வறண்ட கோடையில பார்த்த அணையும், ஐப்பசி மழையில நிரம்பி நிக்கிற அணையும் வேற வேற. தண்ணி போதுமான அளவு இருந்தாத்தான் உசிலம்பட்டி பக்கம் போற 58 கிராமக் கால்வாய்ல திறப்பாங்க. அந்த ஒரு எண்ணுல எத்தனை குடும்பத்தோட வரவு செலவு தொங்குதுன்னு, கரையில கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே புரிஞ்சிடும். கூட்டமா போனா அந்தச் சும்மா உட்கார்ற நேரம் கிடைக்காது.

அடுத்த தடவை இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தேடிப் போகலாம். பென்னிகுக் கட்டி 1895-ல பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணைத் தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து, லோயர் கேம்ப், கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் தாண்டி இங்க சேருது. அதுக்கு அடுத்த தடவை, 2023-ல புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையைத் தோட்டத்துப் பக்கமே வாங்கிச் சாப்பிடலாம். ஒரு பயணத்துல ஒரு விஷயம் போதும்.

வெளிநாட்டுக்கும் இதே கணக்குதான். பாரிஸுக்கு முதல் தடவை போறவர் ஈபிள் டவர் வரிசையில நிக்கிறார். ரெண்டாவது தடவை போறவருக்கு அந்த அவசரம் இல்லை, ஒரு தெருவோர காபிக் கடையில ஒரு மணி நேரம் உட்கார முடியும். பிரான்ஸ் உட்பட்ட ஷெங்கன் நாடுகள் 2024-ல இந்தியர்களுக்குக் கொண்டு வந்த விதியைப் பாருங்க. மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா வாங்கி முறையா பயன்படுத்தினவருக்கு, ரெண்டு வருஷத்துக்குப் பல முறை போய்வர்ற விசா கிடைக்க வழி இருக்கு. திரும்ப வர்றவரோட மதிப்பு அவங்களுக்கும் தெரியுது.

ஆனா அந்தப் பாரிஸைக் கடன்ல பார்க்காதீங்க. 60,000 ரூபாயை 14% வட்டியில ஒரு வருஷத்துக்குப் பர்சனல் லோன் எடுத்தா, மாச இஎம்ஐ சுமார் 5,390 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 4,650 ரூபாய், பிராசஸிங் கட்டணம் தனி. இன்ஸ்டாகிராம்ல அஞ்சு நாள் போட்டோ, வீட்டுல பன்னெண்டு மாசம் தவணை! அந்த வட்டிக் காசுலயே வைகை அணைக்கு ஒன்னுக்கு மேல பயணம் போயிட்டு வரலாம்.

புது ஊரே பார்க்க வேண்டாமான்னு கேட்பீங்க. கட்டாயம் பாருங்க. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போற குடும்பப் பயணமும் வேணும். ஆனா அது வருஷத்துக்கு ஒன்னு. அதுக்கு நடுவுல மூச்சு விட, நமக்கே நமக்குன்னு ஒரு நாள் வேணும். முக்கியமா வீட்டு வேலை, ஆபீஸ் வேலை ரெண்டையும் சுமக்கிற பெண்களுக்கு. தெரியாத ஊர்ல தனியா நிக்கிற பயம், கடைசி பஸ் எப்போன்னு தெரிஞ்ச ஊர்ல பாதியா குறையும்.

நான் சொல்றது சிம்பிள். மாசம் 500 ரூபாய் தனியா ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 6,000. மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னா, ஒரு பயணத்துக்கு 1,500. எமர்ஜென்சி ஃபண்டையோ, எஸ்ஐபியையோ தொட வேண்டியதில்லை. போற இடத்தை வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. தண்ணி திறந்து விட்டிருக்கும்போது ஆத்துல இறங்காதீங்க.

அடுத்த தடவை யாராவது "அங்கதான் போயாச்சே"ன்னு சொன்னா, "அதனாலதான் போறேன்"னு சொல்லிட்டுக் கிளம்புங்க. நீங்க தனியா திரும்பத் திரும்பப் போற ஊர் எது, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகுது? எழுதுங்க, அடுத்த வீடியோவுல அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்.