கழிவென்று தீர்ப்பளிப்பவர் யார்?

பண்டாரவளையில் ஒரு கணினிக் கடைக்காரர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிற்கு நன்கொடையாய் வந்த நான்கு மடிக்கணினிகளைப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுபோயிருந்தோம். "சேர், இதெல்லாம் பழைய இரும்பு. புது விண்டோஸ் இதில ஏறாது. புதுசு வாங்கப் பாருங்க" என்றார். அவர்மீது எமக்குக் கோபமில்லை. அவர் வாயிலிருந்து வந்தது அவருடைய சொல் அன்று.

அச்சொல்லின் பிறப்பிடம் வேறு. விண்டோஸ் 11 என்னும் பணிசெயல் முறைமையை 2021 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வெளியிட்டபோது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்றும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறைக்குக் குறைந்தது ஆகாது என்றும் விதித்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவையும் நிறுத்தியது. பாதுகாப்பே காரணம் என்கின்றனர். அதில் உண்மை ஒரு பங்கு உண்டு. மறைகுறிகளைத் தனிச் சில்லொன்றில் பூட்டி வைப்பது பயனுடையதே. ஆயின் திரை ஒளிர்கிறது, விசை எழுத்தை இடுகிறது, செயலி கணக்கிடுகிறது. இவ்வளவும் இருக்க, இயந்திரம் செத்துவிட்டது என்று கூறுவது எந்த நியாயம்? பழையது போவதும் புதியது வருவதும் குற்றமன்று, காலத்தின் போக்கு என்றார் நன்னூலார். அவர் பேசியது சொற்களைப்பற்றி. இங்கே கழிப்பது காலமன்று, விற்பவனுடைய கணக்கு.

அக்கணக்கை எமது மக்களின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். புதிய மடிக்கணினி ஒன்றுக்கு ஓர் இலட்சம் ரூபா என்றே கொள்வோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் ஏறிய 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில், உண்ணாமல் உடுக்காமல் எழுபத்தைந்து நாள் கொழுந்தெடுத்திருந்தால் அது கைக்கு வந்திருக்கும். அட்டைக்கடியும் மழையும் இக்கணக்கில் சேரா.

நாம் கடைக்காரரின் தீர்ப்பை ஏற்கவில்லை. 1983இல் அமெரிக்காவில் ரிச்சட் ஸ்டோல்மன் தொடக்கிய குனு முயற்சியும், 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இருபத்தொரு வயது லினஸ் டோவால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் சேர்ந்து, எவரும் எடுக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவுமான ஒரு பொதுச்சொத்தை உலகுக்குத் தந்துள்ளன. மூன்று ஜிகாபைட் அளவான அந்தக் கோப்பைத் தோட்டத்தின் அலைவரிசையில் இறக்குவதென்றால் விடிந்துவிடும். பதுளையில் நண்பர் ஒருவர் வீட்டில் இறக்கி, ஒரு பென்டிரைவில் எழுதி எடுத்துவந்தோம். அந்த ஒன்றிலிருந்து நாற்பது கணினிகளில் நிறுவினாலும் களவன்று. திருட்டு விண்டோஸை நூறு ரூபாத் தட்டில் வாங்கிப் பழகிய எமக்கு அதுவே ஒரு விடுதலை.

வேலை கடினமன்று. முதலில் உள்ளேயிருக்கும் கோப்புகளை வேறிடத்தில் பிரதி செய்துகொள்ள வேண்டும். நிறுவும்போது வட்டு துடைக்கப்பட்டுவிடும். பின்னர் நிறுவாமலே, பென்டிரைவிலிருந்து இயக்கி, வைபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்க்கலாம். நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள இரண்டில் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பை ஏற்றினோம். இரண்டு ஜிகாபைட் மட்டுமே உள்ள மூன்றாவதில் அதனினும் இலேசான லுபுண்டு. அது எழுதும், கணக்குத் தாள் விரிக்கும். உலாவியில் நான்கைந்து பக்கங்களை ஒருசேரத் திறந்தால் மூச்சு வாங்கும். பழைய சுழல்வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் நிலைமை வெகுவாய் மாறும். அதற்குப் பணம் சேர்க்கிறோம். நான்காவது 32 பிட் செயலி. உபுண்டு அவ்வினத்தை எப்போதோ கைவிட்டது. டெபியனும் 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவலை நிறுத்திவிட்டது. கழித்துவிடும் வழக்கம் கம்பனிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் 12ஆம் பதிப்பு அதில் ஓடுகிறது.

றெங்கநாதன் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தோம். பத்தாந் தரத்துப் பிள்ளைகள் பணிசெயல் முறைமை என்பதன் வரைவிலக்கணத்தை ஒப்புவிப்பார்கள். ஒன்றைத் தம் கையால் ஏற்றியது அன்றுதான்.

விண்டோஸ் தெரியாவிடின் வேலை கிடைக்குமா என்று கேட்கும் ஆசிரிய நண்பர்கள் உளர். கேரள அரசின் பாடசாலைகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்கின்றனர். அவர்கள் எவருக்குக் குறைந்து போயினர்? 2004 ஆழிப்பேரலைக்குப்பின் இந்தத் தீவின் இளைஞர்கள் காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைக் கணக்கெடுக்கவும் ஆக்கிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள், 2010இல் ஹெயிட்டி பூகம்பத்திற்கும் உதவியது. கொழுந்து மலையில் நிற்கும் தாயின் ஆண்ட்ரொயிட் தொலைபேசிக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கருவே.

இனி, எமக்குப் பிடித்தமில்லாத சிலர் இக்கட்டுரையைப் படித்து மகிழக்கூடும். "பார்த்தீர்களா, பழையதே போதும்" என்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்து லயத்தின் காம்பிராவில் தகரத்தை மாற்றி, ஒழுக்கை அடைத்து, தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் நாம். பழையதைத் திருத்திக்கொள்ளும் எமது திறமையைக் காட்டியே எமக்குப் புதியது மறுக்கப்பட்டது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தபோது புதைந்தவை அத்தகைய லயங்களே. ஆகவே நகரத்து அலுவலகங்கள் கழித்த இயந்திரத்தைப் பதாகை கட்டிப் படமெடுத்துக் கொடுத்துவிட்டு, தோட்டப் பிள்ளைக்குக் கணினி கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிப்பதை ஏற்கமாட்டோம். தோட்டப் பாடசாலைகளை எழுபதுகளில் பொறுப்பேற்ற அரசு, ஏனைய பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறதோ அதை இப்பிள்ளைக்கும் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது, பூட்டப்பட்ட மென்பொருளுக்குப் பொதுப்பணத்தைக் கொட்டாமல், கட்டற்றதை ஏற்றி, அதனை நிறுவவும் பழுதுபார்க்கவும் தமிழில் பயிற்சி அளிக்கவேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர் இல்லாத பாடசாலையில் கணினி எதுவாயினும் அது அலுமாரிக்குள் பூட்டிய பொருளே.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க எமக்கு நேரமில்லை. வருகிற சனிக்கிழமை அடுத்த தோட்டத்து ஆசிரியை ஒருவர் இரண்டு மடிக்கணினிகளோடு வருகிறார். ஒன்றில் பற்றரி இல்லையாம், மின்கம்பியில் மாட்டியே ஓட்டவேண்டும். பென்டிரைவ் எம்மிடம் இருக்கிறது.