பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள்: எங்கள் நிலைப்பாடு

மேட்டூர் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தரும் எங்கள் குழு எடுத்திருக்கும் முடிவு இது. 14 வயதுக்கு உட்பட்டோர் அணியில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒரு பாதி முழுக்கக் களத்தில் இருக்கும். இறுதி ஆட்டத்துக்கும் இதேதான்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுகிறோம். அணிப் பட்டியலில் 12 பேர். களத்தில் 7 பேர். சப்-ஜூனியர் ஆட்டம் 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஆக, மொத்தம் 14 இடம். ஆளுக்கு ஒரு பாதி கொடுத்தால் இரண்டு இடம் மிஞ்சும். இரண்டு பேர் முழு ஆட்டமும் ஆடலாம். இடைவேளையில் மாறுவது ஐந்து பேர். விதிப்புத்தகம் அனுமதிக்கும் மாற்று வீரர்களும் ஐந்து பேர்தான். இத்தனை நாள் இதைச் செய்யாததற்கு விதியின்மேல் பழி போட முடியாது. எங்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

போன பருவத்தில் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த ஒரு பையன், பயிற்சிக்கு ஒருநாள்கூடத் தவறவில்லை. நான்கு ஊர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப்போனோம். நான்கிலும் அவன் ஜெர்சியில் மண் ஒட்டவில்லை. ஐந்தாவது போட்டிக்கு அவன் வரவில்லை, கபடிக்கே வரவில்லை. அதற்குக் காரணம் நாங்கள்தான்.

13 வயதில் யார் ஜெயிப்பது என்பதைப் பெரும்பாலும் உடம்புதான் தீர்மானிக்கிறது. சீக்கிரம் வளர்ந்தவன் பாடிப் போனால் எதிரணி சிதறும். அவனையே திரும்பத் திரும்ப அனுப்பினால் கோப்பை கிடைக்கும். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள்; அப்போது அவனிடம் பலத்தைத் தவிர வேறு வித்தை இருக்காது. பெஞ்சில் இருந்தவர்களோ அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரு பக்கமும் நஷ்டம். இங்கிருந்து எட்டும் தொலைவில் இருக்கும் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2020-ல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். 14 வயதில் ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத எங்களுக்குத் தகுதி இல்லை.

களத்தில் நிற்பது மட்டும் ஆட்டம் ஆகாது. கார்னரில் நிறுத்திவிட்டு 15 நிமிடமும் ஒருவனையே பாட அனுப்பினால் மற்ற ஆறு பேரும் வேடிக்கை பார்ப்பவர்கள்தான். ஒரு ரெய்டு 30 விநாடி. ஒரு பாதியில் ஓர் அணிக்குச் சுமார் 15 ரெய்டு கிடைக்கும். எனவே ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறையாவது பாடிப் போகும். வெறும் கையோடு திரும்பினாலும், பிடிபட்டாலும் சரி. சில ஆட்டங்களில் தோற்போம். அதைத் தெரிந்தே முடிவெடுத்திருக்கிறோம்.

கபடியிலேயே ஓர் அருமையான விதி இருக்கிறது. நம் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் முதலில் அவுட்டானவர் முதலில் உள்ளே வருவார். கெட்டிக்காரனா, பயிற்சியாளருக்கு வேண்டியவனா என்ற கேள்வியே இல்லை. பெஞ்சில் இருப்பவனுக்கு மட்டும் அப்படி ஒரு வரிசை இல்லாமல் இருந்தது.

17 வயதுப் பிரிவில் லீக் ஆட்டங்களுக்கு மட்டும் இந்த உறுதி உண்டு. நாக்-அவுட் சுற்றிலும் 19 வயதுப் பிரிவிலும் திறமை பார்த்துத்தான் இறக்குவோம். ஆனால் உட்காரவைக்கப்படும் பிள்ளையிடம் காரணத்தை முதல்நாள் மாலையே நேரில் சொல்வது பயிற்சியாளரின் கடமை.

பெற்றோர்களுக்கு ஒன்று. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் சான்றிதழுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. "ஆட விடாவிட்டாலும் பரவாயில்லை சார், பேர் மட்டும் போட்டுவிடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். அந்தக் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் ஆடாத பிள்ளையின் பெயரை எழுத மாட்டோம். ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர், வேனுக்கு வாடகை தந்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஒரு பாதிதான்.

வரும் குறுவட்டப் போட்டிக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களிலிருந்தே இது நடைமுறைக்கு வருகிறது. எந்தப் பாதியில் யார் யார் என்ற பட்டியலை ஆட்டத்துக்கு முதல்நாள் மைதானத்தில் ஒட்டுவோம். பெயர் விடுபட்டிருந்தால் எந்தப் பிள்ளையும் நேராக வந்து கேட்கலாம்; அப்பா அம்மாவைக் கூட்டிவர வேண்டியதில்லை.