கள்ளத்தோணியும் நனைந்த முதுகும்

எடிசன் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. நியூஜேர்சியில் எம்மவர் கூடினால் பேச்சு வீட்டு விலையில் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பில் ஏறி, கடைசியில் 'ஸ்பானிஷ்காரரில்' வந்து இறங்கும். அன்றும் இறங்கியது. கொத்துரொட்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அண்ணர் சொன்னார்: "உவங்கள் எல்லாரும் கள்ளமாய் எல்லை கடந்து வந்த ஆக்கள். எங்களைப் போல முறையாய் வந்தவங்களே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. அந்த அண்ணர் 'தலைமாற்றிய' பாஸ்போட்டில் வந்தவர். வழியில் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் 14 பேருடன் 4 மாதம் கிடந்தவர். ஏஜென்சிக்குக் கொடுப்பதற்காகத் தாயின் தாலிக்கொடி விற்கப்பட்டதை அவரே எங்களுக்குப் பலதடவை சொல்லியிருக்கிறார். ஆளைக் கடத்திவிடுபவனுக்கு நாங்கள் ஏஜென்சி என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறோம். மெக்சிக்கர் அவனைக் 'கொயோட்டே' என்கிறார்கள். அது நரி இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு. பெயர் வைப்பதில் அவர்கள் எம்மைவிட நேர்மையானவர்கள்.

அண்ணரைத் தனியே குற்றஞ்சாட்டிப் பயனில்லை. இது எங்கள் எல்லோரிடமும் உள்ள பழைய நோய். அமெரிக்காவில் தொற்றியதல்ல, ஊரிலிருந்து கொண்டுவந்தது.

மலையகத் தமிழரை நாங்கள் என்னவென்று அழைத்தோம்? 'கள்ளத்தோணி.' சிங்களப் பேரினவாதிகள் மட்டும் சொன்ன சொல்லல்ல அது. யாழ்ப்பாணத்து விறாந்தைகளிலும் சொல்லப்பட்டது. மலையகத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டே சொல்லப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு நேரான வசை ஒன்று உண்டு: 'வெற்பாக்', நனைந்த முதுகு. றியோ கிராண்டே ஆற்றை நீந்தி ரெக்சாசில் ஏறியவன் என்று பொருள். ஒருவன் தோணியில் வந்தவன், மற்றவன் தோணியும் இல்லாமல் வந்தவன். 1954இல் மெக்சிக்கரைப் பிடித்து நாடுகடத்திய நடவடிக்கைக்கு அமெரிக்க அரசாங்கமே இந்த வசையைப் பெயராகச் சூட்டியது.

அவர்கள் அழையாமல் வந்தவர்களா? 1942இல், உலகயுத்தத்தின் நடுவே, வயலில் ஆளில்லையென்று வாஷிங்டன்தான் மெக்சிக்கோவுடன் உடன்படிக்கை செய்து கூலியாட்களை அழைத்தது. 'பிரசேரோ' திட்டம் என்பது அதன் பெயர். 22 ஆண்டுகளில் சுமார் 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ரெக்சாசின் ஹிடால்கோ போன்ற எல்லை நிலையங்களில் அந்த மனிதரை வரிசையில் நிறுத்தி டி.டி.ரி. தெளித்தார்கள். தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து நோய் பார்த்து அனுப்பிய கதை நினைவுக்கு வரவில்லையா? 1964 டிசம்பருடன் அமெரிக்கா அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம்! இரண்டு நாட்டிலும் ஒரே கணக்கு.

"அவங்கள் வயித்துப்பிழைப்புக்கு வந்தவங்கள், நாங்கள் அகதியள்" என்பது அடுத்த வாதம். எல் சல்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த யுத்தத்தில் சுமார் 75,000 பேர் மாண்டனர். பேராயர் ரொமேரோவைப் பூசை நேரத்தில் பலிபீடத்தில் வைத்தே சுட்டார்கள். அந்த அரசுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது வாஷிங்டன். ஆகவே அங்கிருந்து தப்பி வந்தவர்களை அகதி என்று ஒப்புக்கொள்ள அதற்கு மனமில்லை. 1984இல் சல்வடோர்காரரின் விண்ணப்பங்களில் 100க்கு 3கூட ஏற்கப்படவில்லை.

அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1982 மார்ச் 24, ரொமேரோவின் நினைவு நாளில், அரிசோனாவின் ரூசோனிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பெர்க்லியிலும் தேவாலயங்கள் அடைக்கலம் அறிவித்தன. அடைக்கலம் கொடுத்தவர்களில் 8 பேரை 1986இல் அரசு குற்றவாளிகளாக்கியது. மறுபுறம் தேவாலயங்களும் அகதிகளும் அரசின்மேல் வழக்குப் போட்டனர். 1991இல் சல்வடோர், குவாத்தமாலா அகதிகளின் வழக்குகளை மீண்டும் விசாரிக்க அரசு இணங்கியது. அகதி ஒருவரின் அச்சத்தை மதிப்பிடும்போது வெளிநாட்டுக் கொள்கையைப் பார்க்கக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்தது. எங்களுக்கும் பயன்படும் நியாயம் அது. அதற்காக நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

ரெக்சாசின் ரைலர் நகரப் பள்ளிக்கூடங்கள், பதிவில்லாத பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் கேட்டன. பிடிபட்டால் நாடுகடத்தல் என்று தெரிந்தும் மெக்சிக்கப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1982இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கேஸ் முடியாத எங்கள் வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்! அந்தக் கதவைத் திறந்துவைத்தவர் யார்? 1994இல் கலிபோர்ணியா 187ஆம் பிரேரணையால் அதே கதவை அடைக்கப் பார்த்தது. வாக்களித்த ஆசியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை ஆதரித்ததாக அன்றைய வாக்குச்சாவடிக் கணிப்பு ஒன்று சொன்னது. நீதிமன்றம் தடுத்தபடியால் பிள்ளைகள் தப்பினார்கள்.

'முறையாய் வந்தவர்கள்' இதையும் கேட்க வேண்டும். 2017 பெப்ரவரியில் விஜயகுமார் துரைசிங்கம் என்ற ஈழத்தமிழர் மெக்சிக்கோ எல்லையைக் கடந்து சுமார் 25 யார் தூரத்தில் பிடிபட்டார். அகதி கோரிக்கை ஆரம்பத்திலேயே மறுக்கப்பட, ஆட்கொணர்வு மனுப் போட்டார். 2020 ஜூன் 25இல் உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்று அவருக்கு அந்த உரிமை இல்லையென்றது. அவர்மேல் பிழையில்லை. அவர் போராடித் தோற்றவர். ஆனால் எல்லையில் பிடிபடும் ஹொண்டூராஸ்காரிக்கும் குவாத்தமாலாக்காரனுக்கும் எதிராக எடுத்துக்காட்டக்கூடிய அந்தத் தீர்ப்பு ஒரு தமிழ்ப்பெயரைச் சுமந்து நிற்கிறது. சட்டத்தின் கண்ணில் நாங்களும் அவர்களும் ஒரே வரிசை. அந்த வரிசையில் நிற்பதை மறுப்பவர்கள் நாங்கள் மட்டுமே.

இதை அண்ணரிடம் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார்.

நான் வந்த முதல் மாதம், கோப்பை கழுவிய உணவகத்தின் பின்கதவில் குளிரில் நடுங்கி நின்றபோது, ஒரு குவாத்தமாலாக்காரன் தன் குளிர் அங்கியைக் கழற்றித் தந்தான். எப்படி வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. தோணியா, பிளேனா என்பது அவனுக்கு வேறுவேறாகத் தெரியவில்லை.