சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள்... கடைசியில் பென்ஷன் எவ்வளவு வரும்? அரசு கைகழுவ முடியாத கணக்கு

மாதக் கடைசியில் சம்பளம் கிரெடிட் ஆனதும் பே ஸ்லிப்பில் பலரும் பார்ப்பது கைக்கு வரும் தொகையை மட்டும்தான். நடுவே 'பிஎஃப்' என்று ஒரு வரி இருக்கும். "அது ரிட்டயர்மென்ட்டுக்குப் போகுது, விடு" என்று கடந்துபோய்விடுவார்கள். ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இரண்டு தனித்தனித் திட்டங்கள். ஒன்று சேமிப்பு, இன்னொன்று பென்ஷன். முதலாவது ஓரளவு பலருக்கும் தெரியும். இரண்டாவது என்ன தரும் என்பது 58 வயது வரும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அப்போது செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது.

பணம் எங்கே போகிறது?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓ, மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஊழியரின் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் சேர்த்து 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அது முழுவதும் அவருடைய பிஎஃப் கணக்குக்குப் போகிறது. நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். அதில் 8.33 சதவீதம் 1995 நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்துக்கு, அதாவது இபிஎஸ்-க்குப் போகிறது. மீதி 3.67 சதவீதம்தான் பிஎஃப் கணக்கில் சேருகிறது.

இங்கேதான் ஒரு கொக்கி. இபிஎஸ்-க்கான 8.33 சதவீதம் முழுச் சம்பளத்துக்கும் கணக்கிடப்படுவதில்லை. ரூ.15,000 என்ற உச்சவரம்பு வரை மட்டும்தான். ஆக, மாதம் அதிகபட்சம் ரூ.1,250. மத்திய அரசும் தன் பங்காக 1.16 சதவீதம் தருகிறது. அதே உச்சவரம்பின்படி அது அதிகபட்சம் ரூ.174.

பிஎஃப் பாஸ்புக்கில் பென்ஷன் பகுதிக்கு மட்டும் ஏன் வட்டி ஏறவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு. இபிஎஸ்-இல் தனிநபர் கணக்கு கிடையாது. எல்லோருடைய பணமும் ஒரே பொது நிதியில் சேருகிறது. போட்ட பணத்தைப் பொறுத்து அல்ல, ஒரு சூத்திரத்தின்படிதான் பென்ஷன் கிடைக்கும்.

சூத்திரம் சொல்லும் உண்மை

கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வருவது ரூ.15,000 வரைதான். குறைந்தது 10 ஆண்டு பணி இருக்க வேண்டும். 20 ஆண்டுகளை முடித்தவர்களுக்கு 2 ஆண்டு போனஸாகச் சேரும்.

இன்றைய உச்சவரம்பில் கணக்குப் போட்டால், 10 ஆண்டு பணிக்கு மாதம் சுமார் ரூ.2,143. 20 ஆண்டுக்கு, போனஸ் சேர்த்து, சுமார் ரூ.4,714. 33 ஆண்டு உழைத்தால், போனஸோடு 35 ஆண்டாகக் கணக்கிட்டு, ரூ.7,500.

வாழ்நாள் முழுக்க ஓடி ஓடி உழைத்தவருக்கு மாதம் ரூ.7,500. சென்னை புறநகரில் ஒரு வீட்டு வாடகைக்கே இது பற்றாது. அதைவிட முக்கியம், இந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயராது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 58 வயதில் ரூ.7,500 வாங்கத் தொடங்குபவருக்கு, 70 வயதில் அது இன்றைய ரூ.3,750-க்குச் சமம். மருந்துச் செலவு கூடும் வயதில் பென்ஷன் சுருங்குகிறது.

2014-லேயே நிற்கும் கடிகாரம்

ரூ.15,000 உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1-ல் வந்தது. அதற்கு முன் 2001 முதல் ரூ.6,500 ஆக இருந்தது. அதே நாளில்தான் குறைந்தபட்ச பென்ஷன் ரூ.1,000 என்றும் நிர்ணயிக்கப்பட்டது. குறைந்த சம்பளத்தில், பழைய உச்சவரம்புகளின் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு சூத்திரப்படி ரூ.1,000-கூட வரவில்லை என்பதால் தேவைப்பட்ட ஏற்பாடு அது.

2013-ல் பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, குறைந்தபட்ச பென்ஷனை ரூ.3,000 ஆக்கப் பரிந்துரைத்தது. கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. தமிழகத்தில் எந்தச் சந்தாவும் கட்டத் தேவையில்லாத முதியோர் ஓய்வூதியம் 2023-ல் ரூ.1,200 ஆனது. இல்லாதவர்களுக்கு அரசு கொடுப்பது சரிதான். இன்னும் கூட்டியும் கொடுக்கலாம். ஆனால், ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டிய மில் தொழிலாளிக்கான உத்தரவாதம் அதையும்விடக் குறைவு என்றால், 'சமூகப் பாதுகாப்பு' என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை.

இதே தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் உள்ள இஎஸ்ஐ மருத்துவத் திட்டத்தின் உச்சவரம்பு 2017-லேயே ரூ.21,000 ஆகிவிட்டது. ஒரே தொழிலாளிக்கு, ஒரே அமைச்சகத்தில் இரண்டு அளவுகோல்!

"எனக்கு பென்ஷனே கிடையாதா?"

ஐடி துறையில் இருக்கும் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறை பிஎஃப்-இல் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் ரூ.15,000-ஐத் தாண்டியிருந்தால், அவர் இபிஎஸ் உறுப்பினரே ஆக முடியாது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் பிஎஃப் கணக்கிலேயே சேரும். சேமிப்பு கூடும் என்பது நல்லதுதான். ஆனால் மாதாந்திர பென்ஷன், மரணம் நேர்ந்தால் குடும்ப பென்ஷன் என்ற பாதுகாப்பு இருக்காது. இதை வேலையில் சேரும் நாளில் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பல நிறுவனங்கள் 12 சதவீதத்தையும் ரூ.15,000-க்கு மட்டும் கணக்கிட்டு, மாதம் ரூ.1,800-ஓடு நிறுத்திக்கொள்கின்றன. சட்டப்படி அது தவறும் இல்லை.

நிர்வாகம் என்ற இன்னொரு மலை

தொகை குறைவு என்பது ஒரு பிரச்சினை. அந்தத் தொகையையும் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடுவது இன்னொரு பிரச்சினை. பெயரில் ஒரு எழுத்து, பிறந்த தேதியில் ஒரு எண், பழைய நிறுவனம் பதிவு செய்யாத வெளியேறிய தேதி. இதில் எது பிசகினாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். பழைய கம்பெனியே மூடப்பட்டிருந்தால், திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டும்.

உயர் பென்ஷன் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். உண்மையான சம்பளத்தின் அடிப்படையில் பென்ஷன் கோரும் வாய்ப்பை, தகுதியுள்ளவர்களுக்கு 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. நான்கு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. ஆனால் இணையதள வசதி தாமதமாக வர, கடைசித் தேதி மீண்டும் மீண்டும் தள்ளிப்போய் 2023 ஜூலை 11-ல் முடிந்தது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளப் பதிவுகளை நிறுவனங்கள் தேட வேண்டியிருந்தது. பலருடைய விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஆவணத்தைப் பராமரிக்க வேண்டியவர்கள் நிறுவனமும் இபிஎஃப்ஓ-வும். அலைந்தது மட்டும் ஓய்வுபெற்றவர்.

மாற்றங்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2014-ல் வந்த யுஏஎன் எண், வேலை மாறினாலும் கணக்குகளை ஒன்றாகக் கோத்தது. வீட்டிலிருந்தே டிஜிட்டல் முறையில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க முடிகிறது. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் பெறும் வசதி முழுமையாக வந்துவிட்டது. மனது வைத்தால் முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

"நிதி எங்கே இருக்கு?"

இபிஎஸ் நிதியில் பற்றாக்குறை இருக்கிறது என்பது அரசின் வாதம். குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்தினால் சுமை தாங்காது என்கிறார்கள். அதில் பொய் இல்லை. இன்று பென்ஷனை இஷ்டத்துக்கு உயர்த்திவிட்டு, இப்போது 25 வயதில் இருப்பவர் ஓய்வுபெறும்போது நிதி காலியாக இருந்தால் அதுவும் அநியாயம்தான்.

ஆனால் கேள்வி வேறு. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்த ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தில், 10 ஆண்டு பணிக்கே குறைந்தபட்சம் ரூ.10,000 உறுதி. அதற்கு அரசின் பங்களிப்பு 18.5 சதவீதம். அங்கே அரசுதான் முதலாளி, எனவே கூடுதல் பொறுப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் ரூ.10,000-க்கும் ரூ.1,000-க்கும் நடுவே உள்ள தூரத்தை அது ஒன்றே நியாயப்படுத்திவிடாது. இபிஎஸ் சந்தா தொழிலாளி விரும்பிக் கட்டுவதல்ல. சட்டம் போட்டுப் பிடிப்பது. கட்டாயப்படுத்தி வாங்கும் கை, போதுமான அளவு திருப்பித் தரும் பொறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும்.

பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, அது உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது அரசு ஊழியர்கள் தொடர்பான வழக்கு. ஆனால் முதுமையில் அரசு உதவ வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 41-வது பிரிவு, அரசு ஊழியர், தனியார் ஊழியர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

உச்சவரம்பையும் குறைந்தபட்ச பென்ஷனையும் விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் தானாக உயர வைக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை போராடி வாங்கும் நிலை இருக்கக் கூடாது. உச்சவரம்பு உயரும்போது நிறுவனத்தின் பங்கும் அரசின் பங்கும் கூடவே உயரும் என்பதால், நிதிக்கும் அது பலம். எந்த வயதில் எவ்வளவு பென்ஷன் வரும் என்ற கணிப்பை ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆண்டுதோறும் மொபைலுக்கே அனுப்ப வேண்டும். ஆவணப் பிழை நிறுவனத்தாலோ அலுவலகத்தாலோ நேர்ந்திருந்தால், திருத்தும் சுமை ஓய்வூதியர் தலையில் விழக் கூடாது.

இளைஞர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. வேலை மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிப்பதும், பத்து ஆண்டு முடியும் முன்பே இபிஎஸ் பணத்தை எடுத்து அதுவரை சேர்ந்த பணிக்காலத்தை இழப்பதும் பின்னால் வலிக்கும். பாஸ்புக்கை அவ்வப்போது பார்ப்பதும், பெயர், பிறந்த தேதி, வாரிசு நியமனத்தை இப்போதே சரிசெய்வதும் பத்து நிமிட வேலை.

ஆனால் தனிமனிதச் சேமிப்பைக் காட்டி அரசு நகர்ந்துவிட முடியாது. ரூ.18,000 சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டும் ஒருவரிடம் "எஸ்ஐபி போடுங்க" என்று சொல்வது அறிவுரையாக இருக்கலாம், ஓய்வூதியக் கொள்கையாக இருக்க முடியாது. அவர் சம்பளத்திலிருந்து மாதா மாதம் தவறாமல் பிடிக்கத் தெரிந்த அரசுக்கு, கடைசியில் கௌரவமாகத் திருப்பிக் கொடுக்கவும் தெரிய வேண்டும்.